மெக்சிகோவைப் பார்க்காமலே மாயா எழுத்தைப் படித்தவர்

கேள்வி இது: "மாயா எழுத்தை ஒரு ரஷ்யர் லெனின்கிராடில் உட்கார்ந்தபடியே, மெக்சிகோ பக்கம் கால் வைக்காமல் படித்துவிட்டாராமே? சயாமியப் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்துப் பார்க்கிறாரே, அவர்தான். உண்மையா? அங்கே போகாமல் எப்படி முடியும்? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது?"

உண்மைதான். ஆனால் 'படித்துவிட்டார்' என்ற சொல்லில் கொஞ்சம் மிகை இருக்கிறது. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பூர்வகுடிகளான மாயர்களின் பழைய எழுத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால், அது எந்த வகை என்பதைச் சரியாகச் சொன்னவர் யூரி க்னோரோசோவ். கதவைத் திறக்க இன்னும் பலரும், இன்னும் முப்பது ஆண்டுகளும் தேவைப்பட்டன. அவர் சொன்னதை முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலோர் காதில் வாங்கவே இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது.

அவர் 1922ல் கார்கிவ் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். போர்க்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இனவரைவியல் படித்தார். இணையத்தில் அவரைப் பற்றிச் சுற்றும் முக்கியமான கதை, 1945ல் செஞ்சேனை வீரராக பெர்லினுக்குள் நுழைந்தார், எரிந்துகொண்டிருந்த நூலகத்திலிருந்து மாயா ஏடுகளின் அச்சுப்பதிப்பைத் தீயிலிருந்து காப்பாற்றினார் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே பிற்காலத்தில் இதை மறுத்துவிட்டார். தீயும் இல்லை, சாகசமும் இல்லை. பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள்தான் என்றார்.

உண்மையான தொடக்கம் ஒரு கட்டுரை. பால் ஷெல்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், மாயா ஏடுகளில் வரும் தெய்வங்களை வகைப்படுத்திய மூத்தவர், 1945ல் மாயா எழுத்தைப் படிப்பது தீர்க்கவே முடியாத பிரச்சினை என்று எழுதினார். மாஸ்கோவில் பேராசிரியர் செர்கேய் தோகரேவ் அதைத் தம் மாணவரிடம் காட்டினார். மாணவருக்குக் கோபம் வந்தது. ஒரு மனித மூளை செய்து வைத்ததை இன்னொரு மனித மூளையால் ஏன் அவிழ்க்க முடியாது என்பது அவருடைய கட்சி.

சரி, கையில் என்ன இருந்தது? இரண்டே பொருள்கள். ஒன்று, டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் என்று இப்போது இருக்கும் ஊர்களின் பெயரால் வழங்கும் மூன்று மாயா ஏடுகளின் அச்சுப்படி. இன்னொன்று, தியேகோ தெ லாண்டா என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார் 1566 வாக்கில் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியைப் பற்றி எழுதிய குறிப்புகள்.

இந்த லாண்டா விசித்திரமான ஆள். 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தவர் இவரே. அதற்காக ஸ்பெயினில் விசாரணைக்கு ஆளானார். அந்தக் காலத்தில் எழுதிய நூலில்தான், தாம் எரித்த அந்த எழுத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்தார். மூலம் தொலைந்துபோனது. சுருக்கிப் பிரதியெடுத்த படி ஒன்று மாட்ரிட் நூலகத்தில் கிடந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பிராசெர் தெ பூர்பூர் கண்ணில் பட்டு 1864ல் அச்சேறியது.

அதில் லாண்டா, 'இதோ மாயர்களின் அ, பே, சே' என்று குறிகளை வரைந்து காட்டியிருக்கிறார். நடந்தது இதுதான். லாண்டாவுக்குத் தெரிந்தது ஸ்பானிய அரிச்சுவடி. எதிரே உட்கார்ந்திருந்த மாயா எழுத்தரிடம் ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் உரக்கச் சொல்லி, இதை எழுது என்றார். 'பே' என்றதும் அவர் 'பே' என்ற ஒலிக்குரிய குறியை எழுதினார். லாண்டா அதைத் தனி மெய் 'ப்' என்று நினைத்துக்கொண்டார். 'ஹ'வுக்கு ஸ்பானியப் பெயர் 'ஆச்சே'. மாயா மொழியில் தண்ணீருக்கு 'ஹா' என்று பெயர். அதை எழுத்துக்கூட்டி எழுதச் சொன்னார். 'ஆச்சே, ஆ... ஹா' என்று இவர் சொல்லச் சொல்ல, அவர் ஆ, சே, ஹா என்று மூன்று குறிகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். 'லே' என்றால் சுருக்குக் கயிறு. அதைக் கேட்டதும் 'எலே, எ, லே' என்று வந்தது. அந்த மாயருக்கு எவ்வளவு அலுப்பு தட்டியிருக்கும் பாருங்கள். ஒரு வாக்கியம் எழுதிக் காட்டு என்றதற்கு அவர் 'மா இன் கத்தி' என்று எழுதினார். பொருள், 'எனக்கு இஷ்டமில்லை'. லாண்டா அதையும் ஒழுங்காகப் படியெடுத்து, அர்த்தத்தையும் கீழே எழுதி வைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் வந்தவர்கள் இந்தப் பக்கத்தை ஆங்கில ஏபிசிடி போல வைத்துக்கொண்டு ஏடுகளைப் படிக்கப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. லாண்டா பொய், அந்த எழுத்தர் குழம்பிப்போனார் என்று சொல்லி மூடி வைத்துவிட்டார்கள்.

தமிழ் படித்த ஒருவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். நமக்கு மெய்யும் உயிரும் சேர்ந்த எழுத்து புதிதல்ல. 'பீ' என்று யாராவது சொன்னால் நம் கை தானாக 'பீ' என்று ஓர் எழுத்தைத்தான் எழுதும், 'ப்' என்று அல்ல. க்னோரோசோவ் கண்டதும் அதுவே. லாண்டாவின் பட்டியல் அரிச்சுவடி அல்ல, உயிர்மெய்ப் பட்டியல். அதுவும் அரைகுறைப் பட்டியல். எழுத்தர் குழம்பவில்லை, கேட்டவர்தான் குழம்பினார்.

ஆனால் இது பாதிதான். உயிர்மெய் மட்டும் இருந்தால், மெய்யில் முடியும் சொல்லை எப்படி எழுதுவது? மாயா மொழிகளில் பெரும்பாலான வேர்ச்சொற்கள் மெய், உயிர், மெய் என்று முடிபவை. புள்ளி வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓலைச்சுவடி வாசிக்கப் பயின்றபோது இதே முள் குத்தியது. ஏட்டில் புள்ளி இருக்காது. கல்வி என்று எழுதியதும் கலவி என்று எழுதியதும் கண்ணுக்கு ஒன்றுதான். இடம் பார்த்து நீங்களே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மாயா எழுத்தர் வேறு தந்திரம் செய்தார். கடைசி மெய்க்கு ஓர் உயிர்மெய்க் குறியையே போட்டார். அதில் வரும் உயிர், முந்தைய அசையின் உயிராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். எழுதும்போது அந்த உயிர் உண்டு, வாயில் வராது. பேச்சில் நாம் 'கல்லு', 'பாலு' என்று கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்கிறோமே, அதைத் தலைகீழாக்கினால் வருவது.

இனி அவர் அதைச் சோதித்த விதம். மாட்ரிட் ஏட்டில் ஒரு வான்கோழிப் படம். அதன் மேல் இரண்டு குறிகள். முதல் குறி லாண்டா பட்டியலில் உள்ள 'கு'. யுகாத்தெக் மாயா மொழியில் வான்கோழி 'குத்ஸ்'. அப்படியானால் இரண்டாவது குறி 'த்ஸு' ஆக வேண்டும். இது ஊகம். இப்போது நாய்ப் படத்துக்கு மேலே பாருங்கள். அங்கே அதே 'த்ஸு' குறி முதலில் வருகிறது. அடுத்து லாண்டா 'எல்' என்று எழுதி வைத்த குறி. உயிர் ஒத்துப்போக வேண்டும் என்றால் அது 'லு'. த்ஸு-லு, 'த்ஸுல்'. பழைய யுகாத்தெக் அகராதியில் நாய்க்கு அந்தச் சொல் இருக்கிறது. இன்னும் ஒன்று. டிரெஸ்டன் ஏட்டில் எண்கள் வரிசையாகப் போகும் ஓர் இடத்தில், 11 வரவேண்டிய கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தது. முதல் குறி சிதைந்துவிட்டது, மற்ற இரண்டும் லு, கு. பதினொன்றுக்கு மாயச் சொல் 'புலுக்'. பூட்டில் சாவி சரியாக உட்கார்ந்த சத்தம் கேட்கிறதா? வான்கோழிக்கு வைத்த 'கு' இங்கே தானாக வந்து நிற்கிறது. நாய்க்கு வைத்த 'லு'வும் வந்து நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஊகம் என்று தள்ளலாம். ஒரே குறி வேறு வேறு சொற்களில் ஒரே ஒலியைத் தரும்போது தள்ளுவது கடினம்.

இதற்கெல்லாம் யுகாத்தானுக்குப் போக வேண்டியதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். ஏடு, அகராதி, குறிகளின் எண்ணிக்கை போதும். எண்ணிக்கை ஏன் என்றால், தனி ஒலிகளை எழுதும் முறைக்கு 20, 30 குறிகள் போதும். அசைகளை எழுதுவதற்கு நூறு பக்கம். சொல்லுக்கு ஒரு படம் என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். மாயா எழுத்தில் மொத்தம் 800 சுமார். அசையும் சொற்குறியும் கலந்த எழுத்து என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சிறுத்தை போன்ற ஜாகுவாருக்கு மாயா மொழியில் 'பாலம்'. ஜாகுவார் தலையை வரைந்தாலும் பாலம்தான். ப, ல, ம என்று மூன்று குறி போட்டாலும் பாலம்தான். தலையை வரைந்து ஓரத்தில் 'ம' குறியைச் செருகி, 'இதை மகரத்தில் முடி' என்று வாசகனுக்கு உதவினாலும் பாலம்தான்.

இந்த வேலையைச் செய்தபோது அவர் லெனின்கிராடில் ஓர் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் சாதாரண ஊழியர். தங்கியதும் அதன் உள்ளேயே ஒரு சிறு அறையில். குடும்பம் போரின்போது ஜெர்மானியர் பிடித்த பகுதியில் இருந்ததால் முறையான ஆய்வுப் படிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1952ல் கட்டுரை சோவியத் இனவரைவியல் இதழில் வந்தது. அதே ஆண்டு ஜூனில் மெக்சிகோவின் பலென்கேயில் அல்பெர்த்தோ ரூஸ் ஒரு கோயிலின் அடியில் மன்னன் பகாலின் கல்லறையைத் திறந்தார். சவப்பெட்டியில் இருந்தவன் பெயரைப் படிக்கும் வழி ஏறக்குறைய அதே நேரத்தில் லெனின்கிராடில் அச்சாகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாது.

கட்டுரைக்கு முன்னால் இதழாசிரியர்கள் ஒரு முன்னுரை சேர்த்திருந்தார்கள்: மார்க்சிய லெனினிய முறையின் மேன்மைக்கு இது சான்று என்கிற ரீதியில். ஸ்டாலின் காலத்தில் வேறென்ன எழுதுவார்கள்? அந்த நாலு வரி போதுமாக இருந்தது எரிக் தாம்சனுக்கு. இங்கிலாந்துக்காரர், அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தில் பணி, மாயா ஆய்வில் அன்று அவர் சொன்னதே தீர்ப்பு. மாயா எழுத்து ஒலியை எழுதவில்லை, கருத்தை எழுதுகிறது. கல்வெட்டுகளில் இருப்பது காலக் கணக்கும் வானியலும்தான் என்பது அவர் நிலை. அதற்கு முன் பெஞ்சமின் வோர்ஃப், தொழிலால் காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்புப் பொறியாளர், 1930களில் ஒலி வழியே படிக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்தத் தோல்வியும் தாம்சன் கையில் இருந்தது. 1953ல் ஒரு மெக்சிகோ இதழில் க்னோரோசோவை மறுத்து, முன்னுரையின் அரசியலையும் சேர்த்துக் கிண்டல் செய்தார். அவரைப் பகைத்துக்கொள்ள இளைஞர்கள் யாருக்கும் துணிவில்லை. பனிப்போர் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒரு துறையே அசையாமல் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். தாம்சன் மேல் முழுப் பழியையும் போடவும் மனம் வரவில்லை. குறிகளுக்கு எண் கொடுத்து அவர் 1962ல் வெளியிட்ட பட்டியல் இல்லாமல் எதிர்க்கட்சிக்காரர்களாலும் வேலை செய்திருக்க முடியாது. இன்றும் அந்த எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

சொந்த நாட்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1955 மார்ச்சில் மாஸ்கோவில் ஆய்வேட்டைத் தாக்கல் செய்யப் போனார். பழைய அமெரிக்க மக்கள் அரசு என்ற கட்டத்தை எட்டவில்லை என்று மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார். முழு எழுத்து இருந்தது, ஆகவே அரசு இருந்தது என்று இவர் சொன்னால் எங்கெல்ஸ் தப்பு என்றாகிவிடும். கைதாகித் திரும்புவோமா என்ற கவலையோடுதான் போனதாகப் பின்னால் சொன்னார். நடந்தது வேறு: கீழ்ப்பட்டத்துக்குக் கேட்டவருக்கு நேராக டாக்டர் பட்டமே கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் நடந்த அமெரிக்கவியலாளர் மாநாட்டுக்குப் போகவிட்டார்கள். அப்புறம் மேற்குப் பக்கம் கதவு மூடியே கிடந்தது. மேற்கிலிருந்து வந்தவர்கள்தான் அவரைத் தேடிப் போனார்கள். அமெரிக்க மாயா ஆய்வாளர் மைக்கேல் கோவும் அவர் மனைவி சோஃபியும் 1969ல் லெனின்கிராடில் அவரைச் சந்தித்தார்கள். சோஃபிக்கு ரஷ்ய மொழி தெரியும். க்னோரோசோவின் 1963ஆம் ஆண்டுப் பெரிய நூலில் சில அத்தியாயங்களை அவர் மொழிபெயர்த்து, 1967ல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டும் படித்தவர்களுக்கு அவருடைய வாதம் ஓரளவு முழுமையாகக் கிடைத்தது அப்போதுதான். டேவிட் கெல்லி என்பவர் ஒருவர்தான் முன்பே துணிந்தவர்: 1962லேயே சிச்சேன் இட்ஸா கல்வெட்டில் 'ககுபகால்' என்ற ஆள் பெயரை க்னோரோசோவ் முறைப்படி படித்துக் காட்டினார்.

மறுபாதி வேலை தத்தியானா பிராஸ்குரியாகோஃப் செய்தது. இவரும் ரஷ்யாவில், தோம்ஸ்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. கட்டடக்கலை படித்தார். பொருளாதார மந்தத்தில் வேலை கிடைக்காமல் தொல்லியல் குழுவுக்குப் படம் வரையப் போனவர். பியேத்ராஸ் நேக்ராஸ் என்ற ஊரின் கல்தூண்களில் உள்ள தேதிகளை வரிசைப்படுத்தியபோது, ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதைக் கண்டார். பிறப்பு, முடிசூட்டு, வெற்றி. காலத்தை வணங்கும் பூசாரிகள் அல்ல, ராஜாக்களின் வரலாறு. 1960ல் எழுதினார். தாம்சன் இதை ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, என்ன எழுதியிருக்கிறது என்பது இவரால் தெரிந்தது. எப்படி வாய்விட்டுப் படிப்பது என்பது க்னோரோசோவால். 1973 டிசம்பரில் பலென்கேயில் நடந்த கூட்டத்தில் லிண்டா ஷீல், பீட்டர் மாத்யூஸ், ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி மூவரும் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே பிற்பகலில் அந்த ஊரின் அரச பரம்பரையில் பெரும்பகுதியைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். கேடயப் படத்தாலும், ப-க-ல என்ற அசைகளாலும் மாறி மாறி எழுதப்பட்ட அந்தப் பெயர்தான் பகால். லிண்டா ஷீல் அப்போது ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். தாம்சன் 1975ல் இறந்தார். அதற்குப் பிறகு தயங்கியவர்களும் பேசத் தொடங்கினார்கள் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எட்டு வயதில் பெற்றோருடன் கோபா இடிபாடுகளுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் பார்த்து வரையத் தொடங்கிய டேவிட் ஸ்டுவர்ட், 18 வயதில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மக்ஆர்தர் உதவித்தொகை பெற்று, 1987ல் பத்து அசைக் குறிகளை ஒரே கட்டுரையில் நிலைநாட்டினார். இன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். க்னோரோசோவ் செய்ததோடு ஒப்பிட்டால் வழுக்கிக்கொண்டு போகும் பாதை மாதிரித் தெரியும். ஆனால் அன்றாட வேலை ஒன்றேதான்: பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, தேய்ந்த கல்லின் நிழலைப் பார்த்து வரைவது, ஒரே சொல்லை இரண்டு எழுத்தர்கள் வேறு வேறு விதமாக எழுதிய இடத்தைத் தேடுவது.

க்னோரோசோவ் சொன்ன எல்லாம் சரியா? இல்லை. முறை சரி, தனித்தனி வாசிப்புகளில் நிறையத் தவறு. 1975ல் அவர் வெளியிட்ட ஏடுகளின் முழு மொழிபெயர்ப்பை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய உயிர் ஒத்துப்போகும் விதிக்கு விலக்குகள் ஏராளம். அவை பிழையல்ல, முந்தைய உயிர் நெடிலா போன்ற வேறுபாட்டைக் காட்டும் உத்தி என்ற விளக்கம் 1990களின் கடைசியில் வந்தது.

கணினியிடம் கொடுத்திருந்தால் உடனே முடிந்திருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். 1960களின் தொடக்கத்திலேயே நோவசிபிர்ஸ்கில் ஒரு குழு கணினி வைத்து மாயா எழுத்தைப் படித்துவிட்டதாக அறிவித்துப் பெரிய செய்தியானது. க்னோரோசோவ் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அவருக்குக் கணினி மேல் பகை இல்லை. அவரே பின்னால் அதைப் பயன்படுத்தினார். நமக்குச் சம்பந்தப்பட்ட இடம் அது. அவர் தலைமையில் ஒரு சோவியத் குழு சிந்துவெளி முத்திரைகளைக் கணினியின் துணையோடு ஆராய்ந்து, குறிகள் அடுக்கும் முறை திராவிட மொழி அமைப்போடு பொருந்துகிறது என்று 1965ல் அறிவித்தது. குழுவில் நிகிதா கூரோவ் என்ற திராவிட மொழியியலாளரும் இருந்தார். இதைப் பிடித்துக்கொண்டு 'மாயா எழுத்தைப் படித்தவரே சிந்து எழுத்து தமிழ் என்று சொல்லிவிட்டார்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் சொன்னது மொழியின் சாயல் பற்றி, வாசிப்பு ஏற்கப்படவில்லை. மாயா எழுத்தில் அவருக்கு இருந்தவை: நீண்ட உரைகள், இன்றும் லட்சக்கணக்கானோர் பேசும் மொழிகள், அரைகுறையாகவேனும் ஒரு லாண்டா. சிந்து முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள். லாண்டா இல்லை.

என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். 1977ல் சோவியத் அரசு விருது. வாழ்நாள் முழுவதும் லெனின்கிராடின் குன்ஸ்ட்கமரா அருங்காட்சியகத்தோடு சேர்ந்த நிறுவனத்தில் வேலை. 1990ல், 67 வயதுக்கு மேல், குவாத்தமாலா அதிபரின் அழைப்பில் முதல் தடவையாக மாயர் நிலத்தில் கால் வைத்தார். திக்கால் கோயில்களைப் பார்த்தார். பிறகு மெக்சிகோ அஸ்தெக் கழுகு விருது கொடுத்து அழைத்தது. 1999 மார்ச் இறுதியில் பீட்டர்ஸ்பர்கில், அதாவது பழைய லெனின்கிராடில், காலமானார். அதற்குள் குவாத்தமாலாவில் மாயா மொழி பேசும் ஆசிரியர்கள் லிண்டா ஷீலையும் ஜெர்மானிய ஆய்வாளர் நிக்கொலாய் குரூபையும் கூப்பிட்டு வைத்து, தங்கள் முன்னோர் எழுத்தைத் தாங்களே படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பூனை பற்றிக் கேட்காமல் கேட்டீர்கள். பெயர் ஆஸ்யா. ஒரு கட்டுரையில் அதை இணையாசிரியராகப் போட்டார், பதிப்பாளர் எடுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. படத்தை வெளியிடுகிறவர்கள் இடம் போதவில்லை என்று பூனையை வெட்டிவிட்டால் அவருக்குக் கோபம் வருமாம். எங்காவது அவர் படத்தைப் போடுவதாக இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே போடுங்கள்.